விருந்துக்குக் களி

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு மந்தி கடை திறந்திருக்கிறார்கள். தரையில் மெத்தை, சுவரோரம் திண்டு, நடுவில் தாழ்வான மேசை. மகள் வயிற்றுப் பேரன் தன் பிறந்தநாளுக்கு அங்கேதான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெரிய தாம்பாளத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சோறு, அதன்மேல் ஆட்டுத்தொடை, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் மரக் என்கிற எலும்புச் சாறு. மற்றவர்கள் சோற்றில் கை வைத்தார்கள். நான் கிண்ணத்தை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டேன். ஏலக்காயும் மிளகும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்து வெந்த மணம்.

"அம்மாயி, சவுதியில தினம் இதத்தான் சாப்பிட்டீங்களா?" என்றான் பேரன்.

மந்தி, ஏமனின் ஹத்ரமவுத் பக்கத்துச் சாப்பாடு. அங்கிருந்து சவுதி முழுக்கப் பரவி, இன்று நம் நெடுஞ்சாலை வரைக்கும் வந்துவிட்டது. நானும் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த மரக் வாசனை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது வேறொரு தட்டின் முன்னால். அந்தக் கடையின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. நம் ஊரில் நான் பார்த்த எந்த அரபுக் கடையிலும் இல்லை. அதன் பெயர் அஸீதா. பேரனிடம், "நம்ம ஊர்க் களியத்தான்டா சாப்பிட்டேன்" என்றேன். அவன் நம்பவில்லை.

நர்ஸ் வேலைக்கு சவுதி போகிறேன் என்றதும் எங்கள் தெருவே மணலையும் ஒட்டகத்தையும்தான் நினைத்தது. நானும் மெல்லிய பருத்தித் துணிகளாகப் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். அப்ஹாவில் இறங்கிய இரவு பல் கிட்டியது. அஸீர் மலைத்தொடரில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். கோடையில் ரியாத்காரர்களும் ஜித்தாக்காரர்களும் வெயிலுக்குத் தப்பி அங்கே ஏறி வருவார்கள். மதியம் வரைக்கும் பளிச்சென்று இருக்கும் வானம், திடீரென்று இருண்டு கொட்டித் தீர்க்கும். ஊருக்கு மேலே அல் சூதா மலை ஏறக்குறைய 3,000 மீட்டர். அங்கே அர்அர் என்கிற ஜூனிப்பர் மரங்கள் மூடுபனிக்குள் நிற்கும். சாலையோரம் பபூன் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்து, போகிற கார்களை நிறுத்திப் பங்கு கேட்கும்.

நான் குடியிருந்தது ஒரு குடும்பத்து வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரரின் தாயார் இருந்தார். மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் அவரை 'யும்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே பழகிக்கொண்டேன். ஒடிசலான உடம்பு. தலைத்துணிக்குள் காதோரம் எப்போதும் ஒரு கொத்து ரைஹான், நம் திருநீற்றுப்பச்சிலைக்கு உறவான செடி. முற்றத்தில் பழைய நெய் டின்களில் அதை வளர்த்து வைத்திருந்தார். இரவு டியூட்டி முடிந்து நான் படியேறும்போது ஒரு கிள்ளு கிள்ளி என் கையில் திணிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கீழ்வீட்டுச் சின்னப் பேத்தி வந்து கதவைத் தட்டினாள். பாட்டி கூப்பிடுகிறார், சாப்பாடு. போனேன். சமையலறையில் யும்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடித்த ஈரச் சாக்கின்மேல் ஒரு கனத்த பாத்திரம். அதன் இரண்டு காதுகளையும் இரண்டு பாதங்களால் அழுத்திப் பிடித்திருந்தார். கைகளில் முழ நீளத்துக்கு ஒரு மரத்துடுப்பு. தோள் ஏறி இறங்க, பழுப்பு நிற மாவுத் திரளைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்தி, புரட்டி, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் அம்மா பாப்பாரப்பட்டிப் பக்கத்து வீட்டின் பின்கட்டில் கவைக்கம்பால் சட்டியைப் பிடித்துக்கொண்டு களி கிண்டுகிற அதே உட்கார்கை, அதே மூச்சு. மாவுதான் வேறு.

"என்ன பார்க்கிறாய் பின்தி? இதெல்லாம் உங்கள் நாட்டில் கிடையாது" என்றார் யும்மா. பின்தி என்றால் மகளே. எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் பதில் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து, கையை நீட்டித் துடுப்பை வாங்கினேன். நாலு புரட்டுப் புரட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு மருமகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மருமகள் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கொடுத்ததே இல்லை."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் நான் கீழேதான்.

கறி காலையிலேயே அடுப்பேறிவிடும். எலும்போடு உள்ளங்கை அகலத் துண்டுகள். ஆடு விஷயத்தில் யும்மாவுக்குப் பிடிவாதம் உண்டு. சந்தையில் வடக்கத்தி நயீமி, சூடான் கப்பலில் வருகிற ஸவாக்கினி எல்லாம் கிடைக்கும். அவருக்கு மேற்கு மலைகளில் மேய்கிற ஹர்ரி ஆடுதான் வேண்டும். தாளிப்பு கிடையாது. வெறும் தண்ணீரில் கறியைப் போட்டு, பொங்கி வருகிற நுரையை வழித்து வழித்துக் கொட்ட வேண்டும். அது பேத்திகளின் வேலை. நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்த பிறகுதான் உரித்த முழு வெங்காயம், ஏலக்காய், மிளகு, பட்டை, சீரகம், காய்ந்த எலுமிச்சை ஒன்று. மிளகாய் கிடையாது. உப்பு கடைசியில். தக்காளி போடலாமா என்பது அந்த வீட்டில் தீராத வழக்கு. மருமகள் போடச் சொல்வாள். யும்மா, "தக்காளி போட்டால் அது நகரத்துக் குழம்பு" என்று மூடியைப் போட்டு மூடிவிடுவார். அவர் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்து ஒரு தக்காளி உள்ளே விழுவதும் உண்டு. பிற்பாடு சாற்றின் நிறத்தைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் மருமகளைப் பார்ப்பார்.

இரண்டரை, மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் கிடந்து, எலும்பை இழுத்தால் கையோடு வருகிற பதத்துக்குக் கறி வந்த பிறகுதான் அஸீதாவுக்கு உலை வைப்பது. சலிக்காத, தவிட்டோடு அரைத்த மலைக் கோதுமை மாவு. சில நாள் அதில் பாதிக்குச் சோளமாவு. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் இடது கை மாவைத் தூவும். வலது கை துடுப்பைச் சுழற்றும். முதலில் கூழ். மாவு ஏற ஏறத் துடுப்பு நகர மறுக்கும். அப்போது பாத்திரத்தைத் தரைக்கு இறக்கி, காலால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடித்துப் புரட்ட வேண்டும். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கெட்டிப்பட்டால் தண்ணீர் விடமாட்டார். ஒரு கரண்டி மரக் விடுவார். திரும்ப அடுப்பு, மூடி, கொஞ்ச நேரம் ஆவியில் வேகல். மறுபடி இறக்கி ஒரு அடி. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். களிக்கும் அதே பதம்தான் என்பதால், அந்தக் கட்டத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நெய் தடவிய மரக்கிண்ணத்தில் அதைக் கவிழ்த்து, கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றி ஒரே உருண்டையாக்குவார். வழவழவென்று, விரிசல் இல்லாமல் வந்தால் முகத்தில் ஒரு பூரிப்பு. நெய்யில் முக்கிய கரண்டி முதுகால் நடுவில் ஒரு குழி. குழி நிறைய மரக். சுற்றிலும் கறித் துண்டுகள். பக்கத்தில் ஒரு கிண்ணம் உருக்கிய நெய், ஒரு கிண்ணம் தேன்.

தேனைப் பார்த்து முதல் நாள் திகைத்தேன். ஆட்டுச்சாறு ஊறிய களியில் தேனா? ஆனால் அஸீர்காரர்களின் தேன் கடைத்தேன் இல்லை. ஸித்ரு என்கிற இலந்தை மரத்துத் தேன் கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். தொண்டையில் லேசான காரம் நிற்கும். ஒரு விள்ளலைச் சாற்றில் தொட்டு விழுங்க வேண்டியது. அடுத்த விள்ளலை நெய்யிலும் தேனிலும் தொட வேண்டியது. உப்பும் இனிப்பும் மாறி மாறி வந்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரியாது. அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. யும்மா மட்டும் தன் பக்கத்து நல்ல கறியையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி என் பக்கம் சேர்த்துவிடுவார். நான் திருப்பித் தள்ளுவேன். அது ஒரு விளையாட்டாகவே நடக்கும்.

எங்கள் வீட்டில் களிக்கு அந்த மரியாதை இருந்ததில்லை. தினம் ராகிக் களிதான். நொய் போட்டுக் கிண்டி, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றித் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். ஒரம்பரை வந்தால் மட்டும் அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியாவது அரிசி உலை வைப்பாள். ஒருமுறை பள்ளிக்கூடத்து வாத்தியார் எதிர்பாராமல் வந்துவிட்டார். கிண்டி வைத்திருந்த களிச்சட்டியை அம்மா தவிட்டுப் பானைக்குப் பின்னால் தள்ளி, மேலே முறத்தைப் போட்டு மூடினாள். நெல்லுச்சோறு இருக்கிற வீடுதான் வீடு. களி, இருப்பதைக் கொண்டு வயிற்றை நிரப்புவது. அந்தக் கணக்கில் வளர்ந்த எனக்கு, அரபுக்காரர் வீட்டில் விருந்தாளிக்கென்றே களி கிண்டுவது பிடிபட வெகு நாளாயிற்று.

அங்கே நாள்தோறும் நடந்தது கப்ஸா, அதாவது சோறுதான். பஞ்சாப், அரியானா மில்களின் பெயர் போட்ட பாஸ்மதி மூட்டைகள் யும்மாவின் சாமான் அறையில் அடுக்காக இருக்கும். ஒருநாள் ஜித்தாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தபோது யும்மா மூட்டைப் பக்கமே போகவில்லை. முதுகுவலியோடு துடுப்பை எடுத்தார். சோறு போட்டால் போதாதா என்று கேட்டேன். "அரிசி கடையிலிருந்து வருகிறது. காசு இருக்கிறவன் யார் வேண்டுமானாலும் போடலாம். இது என் கை" என்று முழங்கையை மடித்துக் காட்டினார். நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவள் கையும் அப்படித்தான் இருந்தது. அதைக் கௌரவமாக யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

யும்மாவின் இளமை, காரில் போனால் எட்டிவிடுகிற ஒரு மலைக்கிராமத்தில் கழிந்தது. ஒருமுறை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டிய வயல்கள். மண்ணும் கல்லுமாக எழுப்பிய உயரமான வீடுகள். சுவரில் வரிசை வரிசையாகத் தட்டைக் கற்களை வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். மழைத்தண்ணீர் மண்சுவரைக் கரைக்காமல் அவற்றில் விழுந்து தெறித்துவிடும். கீழ்த்தளத்தில் ஆடுமாடும் தானியமும். மேலே மனிதர்கள். மழையை நம்பித்தான் கோதுமை, பார்லி, சோளம். விடியும் முன்னே எழுந்து கைத்திருகையில் மாவு அரைத்ததையும், கழுதைமேல் தண்ணீர் கொண்டுவந்ததையும் யும்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

உள்ளறைச் சுவரில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கறுப்புமாகக் கோடுகள், முக்கோணங்கள், கட்டங்கள். அல் கத் அல் அஸீரி என்கிற சுவர் ஓவியம். அது வழிவழியாகப் பெண்களின் வேலை. விருந்தினர் அறைச் சுவரைத்தான் முதலில் தீட்டுவார்களாம். 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது என்று செய்தியில் பார்த்தபோது, சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரில் "இந்தக் கோடு என்னுடையது" என்று யும்மா தடவிக் காட்டிய இடம்தான் எனக்கு நினைவில் வந்தது. வெளியே படிவயல்களில் பல இடங்களில் கல் சரிந்து கிடந்தது. சாலை வந்ததும் மகன்கள் காமிஸ் முஷைத் பக்கம் ராணுவத்துக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போய்விட்டார்கள். மாதச் சம்பளக்காரன் மண்வெட்டி எடுப்பானா?

மாவுக்கும் நெய்க்கும் யும்மா செவ்வாய்ச் சந்தைக்குத்தான் போவார். அப்ஹாவின் பழைய சந்தை அது. கறுப்பு அங்கி, மேலே வைக்கோல் தொப்பி வைத்த கிழவிகள் கூடை, காய்ந்த மூலிகை, ரைஹான், தேன், நெய் என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யும்மா நெய்யை நாக்கில் வைக்கமாட்டார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பார், முகர்வார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி முகர்வார். அப்புறம்தான் பேரம்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் டீ நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்ததுதான் தாமதம், அறையே இரண்டுபட்டது. ஏமன்காரச் சகோதரி, அஸீதா அவர்கள் ஊர்ச் சொத்து என்றாள். மேலே வெந்தயத்தை அடித்து நுரைத்து ஊற்றாவிட்டால் அது அஸீதாவே இல்லையாம். சூடான்காரி குறுக்கிட்டாள். காய்ந்த வெண்டைக்காய்ப் பொடியில் செய்த வைக்கா குழம்பு ஊற்றினால்தான் அஸீதா; தேன் ஊற்றுவது குழந்தைகளுக்கு. லிபியாவில் அப்படியே பார்லி மாவில் கிண்டி, கோபுரமாக நிறுத்தி, ஆட்டுக்குழம்பு சுற்றிலும் ஊற்றி பஸீன் என்கிறார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். எகிப்துக்கார மருந்தாளுநர் புத்தகப் பிரியர். "சண்டை வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் எழுதிய சமையல் நூலிலேயே இது இருக்கிறது" என்று எல்லோர் வாயையும் அடைத்தார். நான் மெதுவாக, எங்கள் தருமபுரியில் ராகியில் கிண்டுவோம் என்றேன். ஒருகணம் எல்லோரும் ஒற்றுமையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுவாரம், ஊரிலிருந்து வந்த ராகி மாவில் ஓர் உருண்டை கிண்டிக் கொண்டுபோய் வைத்தேன். நிறத்தைப் பார்த்துத் தயங்கியவர்கள் டப்பாவைக் காலியாக்கித்தான் எழுந்தார்கள்.

பிற்பாடு அப்ஹாவில் அஸீதாவுக்கென்றே உணவகங்கள் வந்தன. கத் ஓவியம் தீட்டிய சுவர், மரக்கிண்ணம், கோடைச் சுற்றுலாக்காரர் கூட்டம். மருமகள் மாவு பிசைகிற மின்சார யந்திரம் வாங்கிவந்தாள். யும்மா அதில் செய்ததைச் சாப்பிட்டுப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது, விருந்தாளி வராத நாளில் செய்" என்றார். 2023இல் உடைத்த கோதுமையில் செய்கிற ஜரீஷைத் தேசிய உணவாக சவுதி அறிவித்தது. அதே 2023தான் சர்வதேச சிறுதானிய ஆண்டு. தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தர ஆரம்பித்ததும் அந்த ஆண்டுதான். அரிசிக்காக ஏங்கிய ஊரில், ராகி வந்துவிட்டதா என்று வரிசையில் நின்று கேட்கிறார்கள். முறத்துக்கடியில் ஒளிந்த களி, இப்போது நகரத்து ஓட்டல்களில் நாட்டுக்கோழிக் குழம்போடு நல்ல விலைக்குப் போகிறது.

இப்போது என் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் அஸீதாதான். ஒரு பங்கு முழுக்கோதுமை மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். கறிக்கு நம் ஊர் வெள்ளாடு. மிளகாய் இல்லாத கறியா என்று சம்பந்தி முகம் சுளிப்பார். தேன் கிண்ணத்தைக் கண்டால் என் தம்பி தலையில் அடித்துக்கொள்வான். சாப்பிட உட்கார்ந்த பிறகு அந்தக் கிண்ணத்தை வழிப்பதும் அவன்தான்.

நான் அங்கிருந்து கற்றுக்கொண்டது மட்டும் இல்லை, விட்டுவந்ததும் ஒன்று உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அஸீதா நிறைய மிஞ்சிப்போயிற்று. ஆட்டுக்குப் போடப் போனார்கள். நான் வாங்கி, உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் அதைக் கரைத்து, லபன் என்கிற மோரை ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு யும்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். "இது என்ன, நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தா?" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எனக்கு முகம் வாடிவிட்டது.

ஊர் திரும்பிச் சில காலம் கழித்து மருமகளிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. கோடை வந்துவிட்டால் யும்மா வேண்டுமென்றே அஸீதாவை இரண்டு பிடி கூடுதலாகக் கிண்டச் சொல்கிறாராம். காலையில் லபன் ஊற்றிய அந்தக் கிண்ணம் வராவிட்டால் வீட்டில் சண்டையாம். வருகிறவர்களிடமெல்லாம், அது தன் தாயார் காலத்திலிருந்தே அந்த மலையில் உண்டு என்று சாதிக்கிறாராம். நான் மறுத்துப் பேசவில்லை. தேனை நானும் இங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.